மீட்பு: ஒரு சொல் விளக்கம்

கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தால், பறிக்கும் கூலிக்கே கட்டாது. அந்த வருடம் வீட்டுச் செயின் அடகுக் கடைக்குப் போகும். அப்புறம் சொந்தக்காரர்கள் வாயில் ஒரே கேள்விதான்: "நகையை மீட்டாச்சா?" அப்பா இறந்த வருடம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன ரசீதை அம்மா பைபிளுக்குள் வைத்திருந்தார். எல்லாம் இழந்த யோபுவின் புத்தகத்தில் என்று சொன்னால் கதை விடுவதாக நினைப்பீர்கள், சங்கீதப் புத்தகத்தில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கேட்கும் 'மீட்பு'ம் இதே சொல்தான். வேர், 'மீள்'. மீண்டான் என்றால் தானே திரும்பி வந்தான். மீட்டான் என்றால் வேறொன்றைத் திரும்பக் கொண்டுவந்தான். திரும்பு, திருப்பு என்ற ஜோடியைப் போல. மீள்வதற்கு ஒரு ஆள் போதும். மீட்பதற்கு இன்னொருவர் வேண்டும்.

நம் மாவட்டங்களில் இந்தச் சொல் கல்லிலேயே இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய நடுகல் கல்வெட்டுகளில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வரும். தொறு என்பது மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். ஊர் மாட்டை எதிரி ஓட்டிக்கொண்டு போக, துரத்திப் போய் மந்தையைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தான் திரும்பாமல் போனவன். இலக்கணத்தில் இதற்குக் கரந்தை என்று பெயர். "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும்" என்று இயேசு தம்மைப் பற்றிச் சொல்லும் மாற்கு 10:45 வசனத்தை அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று படித்தால், அதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

பிள்ளைகள், ஆடுமாடுகள், உடல்நலம் எல்லாம் போன யோபு சாம்பலில் உட்கார்ந்திருந்தவர். அவர் சொல்கிறார்: "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" (யோபு 19:25). எபிரெய மூலத்தில் அங்கே இருப்பது 'கோவேல்'. கஷ்டத்தில் விற்றுப்போன நிலத்தையும், அடிமையாகப் போன உறவினரையும் விலை கொடுத்துத் திருப்ப வேண்டிய நெருங்கிய சொந்தக்காரர்; லேவியராகமம் 25 இந்த முறையை விவரிக்கிறது. ரூத் புத்தகத்தில், கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய நகோமிக்கு, போவாஸ் அப்படி ஒருவராக வந்தார்.

சரி, மீட்புக்குப் பதிலாகச் சபைகளில் கேட்கும் 'இரட்சிப்பு'? அது வடமொழி 'ரக்ஷ்', அதாவது காத்தல் என்பதிலிருந்து வந்தது. லூக்கா 2:11-இல் பழைய மொழிபெயர்ப்பு 'இரட்சகர்' என்கிறது. 1995-இல் வந்த, கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியம் அதே இடத்தில் 'மீட்பர்' என்கிறது. அதனால்தான் கத்தோலிக்கர் வீட்டில் மீட்பும், மற்ற சபைகளில் இரட்சிப்பும் அதிகம் புழங்குகின்றன. கறாராகப் பார்த்தால் இரட்சிப்புக்கு நேர்த்தமிழ் 'காப்பு'தான். ஆனால் காப்பு என்றால் நமக்குக் கையில் போடுவதுதான் ஞாபகம் வரும்! என் ஓட்டு மீட்புக்கே. காப்பது, பறிபோவதற்கு முன்னால். எல்லாம் போன பிறகு நடப்பதற்குப் பேர் மீட்பு.

எங்கள் செயினைத் திருப்பியது தாய்மாமா. ஓசூரில் கம்பெனி வேலை, பெரிய சம்பளம் எல்லாம் இல்லை. வட்டியும் அசலும் சேர்த்துக் கட்டி, செயினைப் பர்ஸில் சுற்றி எடுத்து வந்தார். அந்த ஞாயிறு, கடவுள் செய்ததைச் சபைமுன் சொல்லும் சாட்சி நேரத்தில் அம்மா எழுந்து, "கர்த்தர் எங்களை மீட்டார்" என்றார். வெளியே வந்ததும் மாமா சிரித்துக்கொண்டே கேட்டார், "அக்கா, பணம் கட்டினது நான்தானே?"

"உன்னை அனுப்பினது யாருடா?" என்றார் அம்மா.