சுவரில் இருப்பதற்கு அஞ்சி, செருப்பில் இருப்பதை மறக்கிறோம்

சென்ற வாரம் சிட்னியின் ஹார்ன்ஸ்பி பகுதியில், காட்டை ஒட்டிய ஒரு வீட்டிலிருந்து, பூச்சி மருந்தடிக்கும் என்னைப் பதற்றத்தோடு அழைத்தார்கள். குழந்தையின் அறைச் சுவரில் இருந்த ஒரு ஹன்ட்ஸ்மேன் சிலந்திக்காக முழு ஸ்பிரே டப்பாவையும் காலி செய்து, அறைக்குள் யாரும் மூச்சுவிட முடியாதபடி ஆக்கியிருந்தார்கள். அதே குழந்தையின் பள்ளிக் காலணிகளோ இரவெல்லாம் வாசற்படியில் கிடந்திருந்தன. இந்தக் கோடையில் இப்படி எத்தனை வீடுகளைப் பார்த்துவிட்டேன்!

உருவம் பெரியதென்றால் விஷமும் பெரியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலந்தியின் அளவுக்கும் நஞ்சின் வீரியத்துக்கும் தொடர்பே இல்லை. ஹன்ட்ஸ்மேன் கடித்தால் வலிக்கும், சற்று வீங்கும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். வலை பின்னாமல் சுவரில் அலைந்து கரப்பான் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பிராணி அது. அதன்மேல் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விட்டால் போதும். தரையில் அடித்து வைக்கும் மருந்தும் சிலந்தியிடம் அவ்வளவாகச் செல்லாது. கால் நுனிகளில் நடப்பதால் அதன் உடலில் மருந்து அதிகம் ஒட்டுவதில்லை. மருந்தடித்துப் பிழைக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

நாம் அஞ்ச வேண்டியது, கறுத்து மினுமினுக்கும் ஃபனல்வெப் சிலந்திக்கு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, குறிப்பாக மழைக்குப் பின், ஆண் சிலந்திகள் இரவில் இணை தேடித் திரிந்து, விடிந்ததும் ஈரமும் இருட்டும் உள்ள இடத்தில் ஒதுங்கும். வாசலில் விட்ட செருப்பும், தரையில் போட்ட துண்டும் அதற்கு வளைதான். பெண்ணைவிட ஆணின் நஞ்சே பன்மடங்கு கொடியது. நீச்சல்குளத்தில் மூழ்கிக் கிடப்பதும் பல மணி நேரம் உயிரோடிருக்கும். செத்ததென்று கையால் அள்ளாதீர்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. கழற்றியதை உள்ளே எடுத்து வையுங்கள், அல்லது மூடியுள்ள பெட்டியில் போடுங்கள். கதவடி இடுக்கை அடைத்துவிடுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும்போது கையுறை அணியுங்கள். வெறுங்கால் வேண்டவே வேண்டாம்.

1981-இல் முறிமருந்து வந்தபின் ஃபனல்வெப் கடியால் இறப்பு பதிவாகவில்லை. ஆனால் அந்த மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. ஆகவே கடிபட்டவரை நடக்கவிடாமல் கிடத்தி, கடிபட்ட கையையோ காலையோ முழுவதும் எலாஸ்டிக் துணியால் இறுக்கிச் சுற்றி, அசையாமல் கட்டையோடு கட்டி, உடனே அவசர உதவி எண்ணான 000-ஐ அழையுங்கள். முதுகில் சிவப்புப் பட்டை கொண்ட ரெட்பேக் சிலந்தியின் கடிக்கு இந்தக் கட்டு கூடாது, வலிதான் கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, 13 11 26 என்ற நச்சுத் தகவல் மையத்தில் கேளுங்கள்.