பள்ளத்தை மூடும் முன் பாறையை அளந்துவிடுங்கள்

பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் அரசு ஒப்பந்தத்தில் குழாய்ப் பள்ளம் தோண்டியவர்களுக்குத் தெரியும்: பல இடங்களில் மேலே இரண்டடி செம்மண், கீழே பாறை. எஸ்டிமேட்டிலோ 'சாதாரண மண்' என்றிருக்கும். ஜே.சி.பி. நின்றுவிடும், பாறை உடைக்கும் பிரேக்கர் வரும், செலவு ஏறும். "வேலையைப் பாருங்க, பில்லுல சேர்த்துக்கலாம்" என்று தளத்தில் சொல்லப்படும் வாய் வார்த்தையை நம்பிப் பள்ளத்தை மூடுகிற காண்ட்ராக்டர்தான் பின்னால் மனு மேல் மனு எழுதி அலைகிறார்.

மண்ணுக்கும் பாறைக்கும் ரேட்டில் பெரிய வித்தியாசம். தணிக்கையில் கேள்வி வருமே என்று எம்-புக்கில் (வேலையின் அளவுகளைப் பதியும் அளவீட்டுப் புத்தகம்) பாறை என்று எழுத அதிகாரிகள் தயங்குவார்கள். மூடிய பிறகு, உள்ளே பாறை இருந்ததை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

பாறை தட்டுப்பட்ட அன்றே எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை என்று குறிப்பிட்டு உதவிப் பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும் கடிதம் கொடுங்கள். கூடுதல் அவகாசத்தையும் அதிலேயே கேளுங்கள். கூட்டு அளவீட்டுக்குத் தேதி வாங்கி, தரைமட்டம், பாறை தொடங்கும் மட்டம், பள்ளத்தின் அடிமட்டம் மூன்றுக்கும் லெவல் எடுத்து இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். வெட்டிய பாறையைக் குவித்து அளந்தால் இடைவெளிக்காக வழக்கமாக 50 சதவீதம் கழிப்பார்கள். 100 கன மீட்டர் குவியலுக்கு 50 கன மீட்டர்தான் பில்லில் வரும். பள்ளத்திலேயே அளப்பதுதான் நல்லது. அளக்கும்போது போனில் படமும் எடுங்கள்; அந்தப் போனை மாற்றிவிடாதீர்கள். பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63(4)-இன்படி சான்றிதழோடுதான் அந்தப் படங்களைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய முடியும்.

ஃபைனல் பில்லில் 'முழுத் தொகையும் பெற்றேன்' என்று வெறுமனே கையெழுத்துப் போடாதீர்கள். பாறை வேலைக்கான தொகை பாக்கி, ஆட்சேபத்துடன் பெறுகிறேன் என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். எழுத விடாவிட்டால் அன்றைக்கே கடிதம் அனுப்புங்கள்.

பலர் தோற்பது காலவரையறையில். பணம் தரும் தேதி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். மனு கொடுத்துக்கொண்டே இருப்பதால் அது நீளாது. அந்த 3 ஆண்டுக்குள் பாக்கி உண்டு என்று துறை எழுத்தில் ஒப்புக்கொண்டால் புதிதாகக் கணக்கு தொடங்கும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலை நம்பி உட்காருவது ஆபத்து.

ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறை நடுவரிடம் தீர்க்கும் விதி) இருந்தால் அந்த வழி. இல்லையென்றால், மாநில அரசு மீது வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி அரசுச் செயலருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் காலவரையறைக் கணக்கில் சேராது. தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் கட்டுமானத் தகராறு வணிக வழக்காகிவிடும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில், முதலில் மத்தியஸ்தத்துக்குப் போகாவிட்டால் வழக்குரையே நிராகரிக்கப்படும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எம்-புக் நகல் கையில் இல்லாமல் நோட்டீஸ் எழுத வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் வந்ததும் எந்தப் பக்கத்தில் எந்த அளவு விடுபட்டது என்று நோட்டீஸில் குறிப்பிடுங்கள்.