பச்சை உடம்பு ஆறும் விதம்

இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று நாளே ஆன ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் அடிவயிறு முறுக்கிப் பிடிக்கிறது. மூத்தவன் பிறந்தபோது இந்த வலி இருந்ததில்லை. உள்ளே அழுக்கு தங்கிவிட்டது, லேகியத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் எல்லாம் இறங்கிவிடும் என்கிறார் என் மாமியார். அழுக்கு என்று அவர் சொல்வது என்ன, அது உண்மையில் இருக்கிறதா?"

பிரசவம் நடந்த ஒவ்வொரு வீட்டிலும் இந்தச் சொல் புழங்குகிறது. சுக்கும் திப்பிலியும் கண்டந்திப்பிலியும் இடித்துக் கருப்பட்டியில் கிளறிய லேகியம், பெருங்காய உருண்டை, பூண்டுக் குழம்பு, இடுப்பில் ஊற்றும் வெந்நீர், பழைய பருத்திப் புடவையைக் கிழித்துச் சுற்றும் வயிற்றுக் கட்டு, யாழ்ப்பாணத்து வீடுகளில் சரக்குத்தூள் போட்ட பத்தியக் கறி என்று எதை எடுத்தாலும், "உள்ளே இருப்பது வெளியேற வேண்டும்" என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். இவற்றில் எது உதவும், எது வெறும் பழக்கம் என்று தெரிய வேண்டுமானால், அந்த நாட்களில் கருப்பைக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி பிரிந்து வருகிறது என்பது தெரிந்ததே. அது ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறந்த புண் இருக்கிறது. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் ரத்தம் கருப்பைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் குழாய்களின் வாய்கள் அப்படியே திறந்திருந்தால், உடம்பின் மொத்த ரத்தமும் சுமார் பத்து நிமிடத்தில் வெளியேறிவிடும். நம் ஊரில் பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்கிறோம். பச்சைப் புண் என்பதில் வரும் அதே பச்சை. வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத அந்தப் புண்ணை நினைத்தால், இதைவிடத் துல்லியமான சொல் மருத்துவ நூல்களில்கூட இல்லை என்றே தோன்றுகிறது.

ரத்தத்தை நிறுத்துவது கருப்பையின் தசை. அதன் இழைகள் ஒன்றையொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் செல்ல, அந்தப் பின்னலின் இடைவெளிகள் வழியாகவே ரத்தக் குழாய்கள் புண்ணிருக்கும் இடத்துக்கு வருகின்றன. தசை சுருங்கும்போது ஒவ்வோர் இடைவெளியும் இறுகி, அதில் நுழைந்து வரும் குழாயை நெரித்து மூடுகிறது. உறைதல் அதற்குப் பிறகு வந்து சேருகிற துணை. பிரசவ அறையில் செவிலியர் தாயின் தொப்புளுக்கு அருகே கையை வைத்து அழுத்திப் பார்ப்பது இதற்குத்தான். விரல்களுக்கு அடியில் கெட்டியான பந்து ஒன்று தட்டுப்பட்டால் அவர் முகம் தெளிகிறது. மாவு பிசைந்தாற்போல் தொளதொளவென்று இருந்தால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசியைக் கேட்கிறார்.

அந்த ஆக்சிடோசினைத் தாயின் மூளையே சுரக்கிறது. 1906 இல் ஆங்கிலேய ஆய்வாளர் ஹென்றி டேல், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன அந்தச் சிறு மூலக்கூற்றை 1953 இல் அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு வினியோ ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டி, 1955 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பிள்ளை சப்பும்போது மார்பின் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, ஆக்சிடோசின் அலை அலையாக ரத்தத்தில் கலக்கிறது. மார்பில் அது பால் பைகளைச் சுற்றியுள்ள தசைகளைப் பிழிந்து பாலை இறக்குகிறது. அதே அலை கருப்பையை எட்டும்போது அங்கே புண்ணின் குழாய்களை இன்னொரு முறை நெரிக்கிறது. ஆகவே பால் குடிக்கும் ஒவ்வொரு முறையும் பிள்ளை தன் தாயின் ரத்தப்போக்கையும் அடக்குகிறது. வாசகிக்கு அடிவயிற்றில் முறுக்குவது இந்தச் சுருக்கம்தான். முதல் பிரசவத்தில் கருப்பைத் தசை ஒரே பிடியாக இறுகி நிற்பதால் வலி அவ்வளவாகத் தெரிவதில்லை. அடுத்தடுத்த பிரசவங்களில் அது தளர்ந்து தளர்ந்து சுருங்குவதால் வலி விட்டுவிட்டு வருகிறது. மூத்த பிள்ளைக்கு இல்லாதது இப்போது வந்திருப்பது ஏன் என்ற கேள்விக்கு இதுவே விடை.

இனி அழுக்குக்கு வருகிறேன். இந்த இடத்தில் சற்று நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் மனித உடம்பில் நான் படித்து வியந்தவற்றுள் முதன்மையானது இது.

உள்ளங்கை அளவு புண் உடம்பில் வேறெங்கு ஏற்பட்டாலும் பெரும்பாலும் தழும்பு விழும். முழங்கையில் ஆழமாகச் சிராய்த்தால் அந்த இடத்தில் நார்த்திசு படர்ந்து, பழைய தோல் திரும்ப வராமலே போகும். கருப்பையில் அப்படித் தழும்பு விழுந்திருந்தால், இரண்டு மூன்று பிரசவங்களுக்குப் பிறகு அடுத்த கரு ஒட்டிக்கொள்ள நல்ல இடமே மிஞ்சாது. ஆனால் நம் பாட்டிமார் எட்டும் பத்தும் பெற்றார்கள். இது எப்படி முடிகிறது என்பதை, பிரசவத்துக்குப் பின் வெவ்வேறு காலங்களில் கருப்பையின் உட்சுவரை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1931 இல் விளக்கியவர், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகப்பேற்றுப் பேராசிரியர் ஜான் விட்ரிட்ஜ் வில்லியம்ஸ்.

அவர் கண்டது இதுதான். பிரசவமான இரண்டு மூன்று நாளில் உட்சுவர் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலடுக்கு ரத்த ஓட்டம் இழந்து மடிகிறது. கீழடுக்கோ தசையை ஒட்டி உயிரோடு இருக்கிறது. அதற்குள் சுரப்பிகளின் அடிமுனைகள், வயலை அறுத்த பின்னும் மண்ணுக்குள் இருக்கும் கோரைக் கிழங்கைப் போலப் பத்திரமாகக் கிடக்கின்றன. புதிய சவ்வு அந்த முனைகளிலிருந்து முளைக்கிறது. புண்ணின் ஓரங்களிலிருந்தும் அது உள்நோக்கிப் படர்கிறது. படரும்போது புண்ணின் மேல் ஏறாமல் அதன் அடியில் புகுந்து செல்கிறது. உறைந்த ரத்தமும் மடிந்த திசுவும் மேலே மூடியாக இருக்க, அடியில் புதிய சவ்வு தவழ்ந்து தவழ்ந்து அவற்றைத் தூக்கிப் பெயர்த்து உதிர்க்கிறது. மாதந்தோறும் நடந்து பழகிய உதிர்தலையும் முளைத்தலையும், அதைவிடப் பெரிதான இந்தப் புண்ணுக்கும் கருப்பை பயன்படுத்திக்கொள்கிறது. மற்ற இடங்களில் மூன்று வாரத்துக்குள் சவ்வு முழுமையாகிவிட, நஞ்சுக்கொடி இருந்த இடம் மட்டும் ஆறு வாரம் வரை எடுத்துக்கொள்கிறது. முடிவில் அங்கே தழும்பு இல்லை.

அப்படிப் பெயர்ந்து வருவதே பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகவும், பிறகு நீர்த்துப் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பாகவும், பத்து நாளுக்குப் பின் மஞ்சள் கலந்த வெண்மையாகவும் மாறிக்கொண்டே போய், நான்கு முதல் ஆறு வாரத்தில் நின்றுவிடுகிறது. பாட்டிமார் சொன்னதில் "வெளியேற வேண்டும்" என்பது சரி. "அழுக்கு" என்பது தவறு. புண் ஆறும்போது உதிரும் பொருக்கை யாரும் அழுக்கு என்று சொல்வதில்லை. இந்தச் சொல்லோடு தீட்டு என்னும் எண்ணமும் சேர்ந்துகொள்ள, பச்சை உடம்புக்காரியைக் காற்றில்லாத பின்கட்டில் தனிப் பாயும் தனித் தட்டும் கொடுத்து ஒதுக்கி வைக்கும் வழக்கம் வந்தது. நாற்பது நாள் ஓய்வு நல்லது. அவளுக்கு அது உரிமை. ஆனால் தன் உடம்பு செய்கிற மிக நுட்பமான வேலையைப் பற்றி அவளே வெட்கப்படும்படி செய்வதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன்.

இதே ஆறு வாரத்தில் கருப்பையின் எடையும் இறங்குகிறது. பிரசவமானவுடன் ஏறக்குறைய ஒரு கிலோ இருப்பது, ஒரு வாரத்தில் 500 கிராம், இரண்டு வாரத்தில் 300 கிராம் என்று குறைந்து, கடைசியில் 100 கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. தசைச் செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஒவ்வொரு செல்லும் தன் புரதத்தைத் தானே செரித்துச் சிறுக்கிறது. வயிற்றுக் கட்டால் கருப்பை சுருங்குவதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். அறுவை செய்துகொண்டவர் இருமும்போதும் எழுந்து நடக்கும்போதும் கட்டு தாங்கலாக இருந்து வலியைக் குறைக்கும், அந்த அளவில் அது நல்ல துணை. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் முழுவதும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத் தளத் தசைகளின் மேல் இறங்கும் என்பதால், துணிக்கும் வயிற்றுக்கும் இடையே கை எளிதாக நுழைகிற அளவே போதும்.

புண் திறந்திருக்கும் வரை கிருமிக்கு அது திறந்த வாசல். 1847 இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று வற்புறுத்தியபோது, பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. வீட்டில் தயார் செய்கிறவற்றில் முதலிடம் இதனால் சுத்தமான துணிக்குத்தான். கொதிநீரில் அலசி, மறைவில் காயப்போடாமல் நல்ல வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி, அல்லது நாப்கின். எதுவானாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தையல் போட்ட இடத்தைச் சிறுநீர் கழித்த பின் ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும். எரிச்சலுக்கும் அது இதமாக இருக்கும். இடுப்பில் வெந்நீர் ஊற்றுவது தசைவலிக்குச் சுகம். ஆனால் அறுவைத் தையல் ஆறும்வரை வயிற்றின் மேல் ஓங்கி ஊற்றக் கூடாது.

பூண்டைப் பற்றி ஓர் அழகான ஆய்வு உண்டு. 1991 இல் ஜூலி மென்னெல்லாவும் கேரி போஷாம்பும் அமெரிக்காவில் பாலூட்டும் தாய்மாருக்குப் பூண்டு அடைத்த குளிகை கொடுத்துப் பார்த்தபோது, சுமார் இரண்டு மணி நேரத்தில் தாய்ப்பாலில் அதன் மணம் மிகுந்தது. குழந்தைகளோ முகம் சுளிக்காமல், வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பைப் பிடித்திருந்து அதிகமாகச் சப்பின. பால் அளவு கூடியதாக அதில் உறுதிப்படவில்லை. என்றாலும், சப்புதலே பாலையும் ஆக்சிடோசினையும் வரவழைக்கிறது என்பதை மேலே பார்த்தோம். பூண்டுக் குழம்பை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். பால் சுறா புட்டைப் பொறுத்தவரை, சுறா இனங்களில் பாதரசம் சேர்வதால், நெத்திலியும் மத்தியும் போன்ற சிறுமீன்களையே தேர்ந்தெடுப்பேன்.

லேகியத்துக்கு இப்படி ஒரு தெளிவான விடை என்னால் தர முடியவில்லையே என்பது என் வருத்தம். தமிழ்நாடு அரசின் அம்மா மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்திலேயே சதாவரி லேகியமும் பிண்ட தைலமும் இடம்பெற்றன. இத்தனை தாய்மார் கைக்குப் போகிற ஒரு பொருளை, பால் குடிக்கும் முன்னும் பின்னும் பிள்ளையை எடை பார்த்து, தாயின் ஹீமோகுளோபினை அளந்து சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் வழக்கத்தை நாமே அப்படிச் சோதித்த முன்னுதாரணமும் இருக்கிறது. பிள்ளையை இழந்த தாய்க்குப் பால் கட்டி வலிக்கும்போது மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். அதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மருந்தோடு ஒப்பிட்டு 1988 இல் முடிவை வெளியிட்டனர். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரண்டு வழியிலும் குறைந்தது, மருந்தில் கூடுதலாக. ஆனால் மார்பு வீக்கத்திலும் பால் வற்றியதிலும் இரண்டும் ஒரே அளவு பயன் தந்தன. ஆய்வு நிதியில் ஒரு சிறு பங்கு இத்தகைய கேள்விகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அதுவரை லேகியம் சுண்டைக்காய் அளவு, நம்பிக்கையான கைப்பக்குவத்தில் கிளறியதாக இருந்தால் தடையில்லை. சாப்பாட்டுக்கு அது ஈடாகாது. பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும்போது, பத்தியம் என்ற பெயரில் காயையும் பருப்பையும் நிறுத்துவது சரியாகாது. தண்ணீரைக் குறைப்பது அதைவிடக் கெடுதி. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீர், மேலும் இந்த ஆறு வாரத்தில் காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம்.

ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுவதும் நனைந்துபோவது, பெரிய கட்டிகளாகப் போவது, நாற்றம் வீசுவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், விடாத தலைவலி, இவற்றில் ஒன்று தோன்றினாலும் எந்த லேகியத்துக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வாசகியின் வலி இவற்றில் சேராது. இரண்டொரு நாளில் அது தானாகவே அடங்கும். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளி அதைச் சுருங்கவிடாமல் தடுக்கும் என்பதால், பிள்ளையைத் தூக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், தாங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டுப் பாரசிட்டமால் எடுக்கலாம். பிள்ளை வாய் வைத்த பிறகு தொப்புளுக்குக் கீழே கையை லேசாக அழுத்தி வைத்துப் பார்க்கட்டும், மாமியாரையும் பார்க்கச் சொல்லட்டும்: பால் இறங்கத் தொடங்கும் அந்த நிமிடத்தில் உள்ளே ஒரு பந்து கெட்டிப்படுவது கைக்குத் தெரியும், நாளை அது ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கும்.