பலவீனம் இடம் மாறும்: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் காட்டுப்பாதைக்குத் தயாரித்தல்

இரண்டு நீண்ட எஃகு விட்டங்கள், அவற்றைக் கோக்கும் குறுக்குச் சட்டங்கள், முன்னும் பின்னும் ஒரே துண்டாக நிற்கும் ஆக்சில்கள். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தால் கண்ணில் படுவது ஏறக்குறைய இவ்வளவுதான். எந்த உறுப்பையும் தனியாகக் கழற்றலாம். கணினியின் அனுமதி தேவையில்லை. கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்றே பழைய வண்டிகளைத் தேடி வாங்குகிறவர்களை ஈர்ப்பது இந்த எளிமைதான். அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. எதையும் மாற்றலாம் என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றத் தோன்றும்.

என்ஜினில் பிறக்கும் திருப்புவிசை கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (அங்கிருந்து ஆக்சிலுக்குப் போகும் நீண்ட தண்டு), டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் நடுவில் விசையை இருபுறமும் பிரிக்கும் பல்சக்கரக் கூட்டு), ஆக்சில் ஷாஃப்ட் என்று வரிசையாகக் கைமாறி, கடைசியில் டயர் வழியாக மண்ணைத் தள்ளுகிறது. தொழிற்சாலையில் இவை ஒன்றுக்கொன்று ஈடாகச் செய்யப்பட்டவை. நடுவில் ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் உடையப்போகும் இடம் பக்கத்து உறுப்புக்கு நகர்கிறது. ஒரு மாற்றம் சுமையை எங்கே கொண்டுபோய் இறக்கியது என்று தெரிந்த பிறகு அடுத்ததைத் தொடுவதே நிதானமாகக் கட்டுகிறவர்களின் வழி. கையில் பணம் இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

முதல் கட்டத்தில் சேர்க்க எதுவும் இல்லை, மீட்கத்தான் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது குழாய்க்குள் ஆவி உண்டானால், மிதித்தாலும் பெடல் பிடி இல்லாமல் உள்ளே போகும். ஆகவே பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அடுத்தது ரேடியேட்டர். சாலையில் எதிர்க்காற்று பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பாறைமேல் ஏறும் வண்டிக்கு அந்த உதவி கிடையாது. மின்விசிறியும் உள்ளே அடைப்பில்லாத குழாய்களும்தான் துணை. சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள், சக்கர பேரிங்குகள், சேஸிஸின், அதாவது எஃகு விட்டங்களாலான அடிச்சட்டத்தின், உள்கூட்டில் சேறு தங்கிப் பிடித்த துரு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். இதில் காட்டிக்கொள்ளும் கவர்ச்சி எதுவும் கிடையாது. அதனால்தான் பலர் இதைத் தாண்டிப்போய்க் கூரைமேல் விளக்கு வரிசை மாட்டுகிறார்கள்.

அடுத்த மாற்றத்துக்குச் செலவே இல்லை: டயரிலிருந்து காற்றை இறக்குவது. ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். டயரில் 35 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிலோ. அந்த எடையைத் தாங்க 160 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் பட வேண்டும். 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் கணக்குப்படி பரப்பு இரட்டிப்பாகி 310ஐத் தாண்டும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மையில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் வேறுபாடு பெரிது. தடம் அகலத்தில் விரிவதைவிட நீளத்தில்தான் அதிகம் விரிகிறது.

இங்கே பள்ளி இயற்பியல் படித்தவருக்கு ஒரு கேள்வி வரும். உராய்வுவிசை தொடுபரப்பைப் பொறுத்தது அல்லவே, பிறகு பரப்பு கூடி என்ன பயன்? இரண்டு கடினமான பரப்புகளுக்கு அந்த விதி ஓரளவு பொருந்தும். மண் அப்படிப்பட்டது அல்ல. டயர் தள்ளும்போது வழுக்குவதற்கு முன் மண்ணே அடுக்கடுக்காகக் கத்தரிபட்டு நகர்கிறது. அதை எதிர்க்கும் வலிமைக்கு இரண்டு பங்குகள் உண்டு: மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் பிணைப்பு, மேலிருந்து அழுத்தும் எடையால் வரும் உராய்வு. பிணைப்பின் பங்கு பரப்போடு சேர்ந்து வளரும். உலர்ந்த மணலில் பிணைப்பு மிகக் குறைவு; அங்கே பயன் வேறு வழியில் வருகிறது. அழுத்தம் பரவுவதால் சக்கரம் குறைவாகப் புதைகிறது. புதையாத சக்கரம் தான் தோண்டிய குழியிலிருந்து தானே ஏறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாறையிலோ மென்மையான ரப்பர் கல்லின் முனையைச் சுற்றி வளைந்து அதைக் கவ்வுகிறது.

சக்கரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள இந்த உறவைத் தனி அறிவியலாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் போலந்தில் பிறந்த பொறியாளர் மியெச்சிஸ்வாவ் பெக்கர். 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய ஊர்தியின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அதன் சக்கரங்களில் காற்றே இல்லை. எஃகுக் கம்பிகளால் பின்னிய வலை, காற்று குறைந்த டயரைப் போலவே நிலவின் புழுதியில் அமுங்கி நீளமான தடம் பதித்தது.

காற்றை இறக்குவதற்கும் எல்லை உண்டு. சாதாரண ரிம்மில் 15 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் கூர்மையான திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவக்கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்று நிரப்பாவிட்டால், ஓயாமல் நெளியும் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். ஆகவே கூரைக் கம்பிகளுக்கு முன்னால் வாங்க வேண்டியவை ஒரு சிறிய கம்ப்ரசரும் நம்பகமான அழுத்தமானியும்.

பெரிய டயர் பலருடைய முதல் ஆசை. அதற்கு நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் ஆக்சிலின் வயிற்றில் உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியல் கூட்டைத் தரையிலிருந்து உயர்த்த வேறு எளிய வழி இல்லை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் மேலே போகும். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். 28 அங்குல டயரை 31 அங்குலமாக மாற்றினால் ஆக்சில் ஒன்றரை அங்குலம் எழும். அதற்கான விலையைக் கியர்கள் கொடுக்கின்றன. வேகத்தைக் குறைக்கும் விகிதம் முதல் கியரில் 3.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்சில் (மெதுவான ஓட்டத்துக்கான கியரில்) 2.3, ஆக்சிலில் 4.10 என்றால் மூன்றையும் பெருக்கினால் வருவது ஏறத்தாழ 36. என்ஜின் 36 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 1000 சுற்றில் 28 அங்குல டயர் மணிக்கு 3.7 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 31 அங்குல டயர் 4 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சிறிய வேறுபாடுதான் என்று தோன்றலாம். ஆனால் பாறையில் இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் என்ஜினே வண்டியைப் பிடித்துவைக்குமா, ஏறும்போது கிளட்ச்சை நழுவவிட்டு எரிக்க வேண்டியிருக்குமா என்பதை முடிவு செய்வது இந்தப் பத்து விழுக்காடுதான். ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

இழந்ததை மீட்க, ஆக்சிலின் விகிதத்தைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் வீலையும் பினியனையும் மாற்றுவார்கள். 4.10ஐ 31ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 4.54, சந்தையில் கிடைக்கும் 4.56 அதற்கு நெருக்கமானது. முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

உயரத்தில் பேராசை கூடாது என்பது என் கருத்து. இரண்டு அங்குலம் உயர்த்தினால் டயருக்கு இடம் கிடைக்கும். பம்பரின் கீழ்முனை தரையில் தட்டாமல் ஏறும் கோணமும் இறங்கும் கோணமும் கூடும். மேட்டின் உச்சியில் வயிறு தட்டுவது குறையும். அதற்கு மேலே போனால் தொல்லைகள் கூட்டமாக வரும். இடவலச் சக்கரங்களின் இடைவெளி 140 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்றால், ஸ்பிரிங்கின் சாய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால் வண்டி 45 டிகிரி வரை சாய்ந்து நிற்கும். ஈர்ப்பு மையம் 80 ஆனால் எல்லை 41 டிகிரிக்கு இறங்கிவிடும். உண்மையான வண்டியில் ஸ்பிரிங்குகள் கீழ்ப்பக்கம் அமுங்குவதால் இரண்டு எண்களும் இன்னும் சிறியவை.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் கெடும். அதன் முனையில் கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டான யூ-ஜாயின்ட் சாய்ந்து சுழலும்போது ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தியும் இரண்டு முறை பிந்தியும் ஓடும். 10 டிகிரிச் சாய்வில் அந்த ஏற்ற இறக்கம் 1.5 விழுக்காடு, 20 டிகிரியில் 6 விழுக்காடு. கோணம் இரட்டிப்பானால் அதிர்வு நான்கு மடங்காகிறது. இரு முனைகளிலும் உள்ள ஜாயின்ட்கள் சம கோணத்தில் இருந்தால் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றொன்று ஈடுகட்டும். உயர்த்தும்போது இந்தச் சமநிலை குலைந்தால், முன்பு அமைதியாக இருந்த வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நடுங்கத் தொடங்கும்.

இனி டிஃபரன்ஷியல். பிரான்சில் 1827இல் நீராவி வண்டி ஒன்றுக்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டுக்கு இது இடம் தருகிறது. உள்ளே இருக்கும் சிறிய பினியன் ஒரு தராசுக்கோலைப் போல வேலை செய்கிறது: நடுவில் தள்ளும் விசையை இருபுறமும் சமமாகப் பிரிக்கும். சமமாக மட்டுமே பிரிக்கத் தெரியும் என்பதுதான் தொல்லை. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்ற ஏறக்குறைய விசையே வேண்டாம். ஆகவே பாறைமேல் உறுதியாக நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே ஏறக்குறைய பூஜ்யம்தான் போகும். "விசையெல்லாம் வழுக்கும் சக்கரத்துக்குப் போய்விடுகிறது" என்று சொல்வார்கள். போவது வேகம்; திருப்புவிசை இரண்டுக்கும் ஒன்றே. முன்னும் பின்னும் சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டி, ஒரு முன்சக்கரமும் எதிர்மூலையின் பின்சக்கரமும் தூக்கப்பட்டால், நான்கு சக்கர இயக்கம் என்ற பெயரோடு அசையாமல் நிற்கும்.

சக்கரங்கள் தூக்கப்படாமல் பார்த்துக்கொள்வது ஒரு தீர்வு. ஒற்றைத் துண்டு ஆக்சிலில் ஒரு சக்கரம் மேலே தள்ளப்பட்டால் மறுசக்கரம் கீழே அழுத்தப்படும். இது பழைய வடிவத்தின் பெரிய நன்மை. ஸ்பிரிங் மென்மையாகவும் ஷாக் அப்சார்பர் போதிய நீளத்துடனும் இருந்தால் பல இடங்களில் இதுவே போதும். பிரேக் ஹோஸ் அந்த நீளத்துக்கு எட்டுகிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது.

மற்றொரு தீர்வு லாக்கர். இரண்டு ஆக்சில் ஷாஃப்ட்களையும் ஒரே தண்டுபோலப் பூட்டிவிட்டால் சமப்பங்கீடு முடிவுக்கு வரும்; பிடிப்பு இருக்கும் பக்கம் தாங்கும் அளவுக்கு விசை போகும். பின் ஆக்சிலில் முதலில் போடுவது வழக்கம், ஏனெனில் ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது. காற்றாலோ மின்சாரத்தாலோ வேண்டும்போது மட்டும் பூட்டும் வகையை நான் விரும்புவேன். பக்கவாட்டுச் சரிவில் லாக்கர் எதிரியாகிவிடும் என்பது அதற்குக் காரணம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கும்போது மறுசக்கரம் நின்று பக்கவாட்டில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பூட்டினால் இரண்டும் சேர்ந்து சுழலும். வண்டியின் பின்புறம் சரிவில் நழுவும்.

முன்பு நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்த சுமை, லாக்கர் வந்தபின் ஒரே ஆக்சில் ஷாஃப்டின்மேல் விழலாம். அதுவரை வழுக்கும் டயர்தான் உள்ளிருக்கும் எஃகைக் காப்பாற்றி வந்தது. பெரிய டயர், நல்ல பிடிப்பு, ஆழமான கியர், லாக்கர் என்று ஒவ்வொன்றாக அந்தப் பாதுகாப்பு கழற்றப்படுகிறது. முறுக்கைத் தாங்கும் வலிமை தண்டின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும்; விட்டம் 10 விழுக்காடு தடித்தாலே வலிமை 33 விழுக்காடு கூடுகிறது. தடித்த ஷாஃப்ட் விற்பவர்கள் வாழ்வது இந்தக் கணக்கில்தான். முன் ஆக்சிலில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்டீயரிங் முழுவதும் திரும்பிய நிலையில் சக்கரத்துக்கு விசை கடத்தும் ஜாயின்ட் தன் பலவீனமான கோணத்தில் இருக்கிறது; அப்போது முன் லாக்கரைப் பூட்டி ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது உடையும் சத்தம் வெளியே நிற்பவருக்கும் கேட்கும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் ஓரமாக நீரை உறிஞ்சும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஆக்சிலின் மூச்சுக்குழாயை ரப்பர்க் குழாயால் நீட்டி என்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோனால் போதும். ஏர் ஃபில்டர் வழியாக என்ஜினுக்குள் நீர் போவது இதைவிட மோசம். நீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும்.

கடைசியாக வின்ச், அதாவது சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்து மீட்கும் மின்சார உருளை. வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுவை என்பது நடைமுறை அளவு. பெட்டியில் அச்சிட்ட எண் டிரம்மின் முதல் சுற்று அடுக்குக்கு மட்டுமே பொருந்தும். கயிறு அடுக்கடுக்காக ஏறி ஆரம் கூடும்போது இழுவை குறையும். ஆகவே கயிற்றை நீளமாக விட்டு இழுப்பதே நல்லது. இடையில் ஒரு கப்பியைப் போட்டு முனையை வண்டியிலேயே மாட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியர் வரை கேட்கக்கூடும். பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் அதில் சிறு பங்கைத்தான் தரும், மீதி பேட்டரியிலிருந்து வர வேண்டும். வின்ச்சைத் தாங்கும் போல்ட்கள் சேஸிஸின் உள்ளீடற்ற விட்டத்தைத் துளைத்துப் போகும் இடங்களில் உள்ளே எஃகுக் குழாய்த் துண்டுகளைச் செருகி இறுக்க வேண்டும். வெறுமனே இறுக்கினால் விட்டத்தின் சுவர்கள் உள்வாங்கும், போல்ட் தளரும், அடுத்த இழுவையில் துளை நீள்வட்டமாகும்.