ஈன்ற ஆட்டின் வயிற்றில் புழு ஏன் பெருகுகிறது?

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பட்டியில் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில்தான் பூச்சி மருந்து ஊற்றுகிறோம். குட்டி போட்ட ஆடு மட்டும் ஏன் ஒரே மாதத்தில் மெலிந்து தாடை வீங்கிப்போகிறது? கண் பட்டுவிட்டது என்கிறார்கள்."

கண்ணைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் ஆட்டின் கண்ணை. கீழிமையை இறக்கி உட்புறம் பாருங்கள். சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. காகிதம் போல வெளுத்திருந்தால் மழைக்காலச் செம்மறியில் முதல் சந்தேகம் ஹீமான்கஸ் புழு மேல்தான். நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு புழு தினம் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் மொத்த இரத்தமே ஒன்றரை லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரத்தத்தில் புரதம் குறைந்தால் குழாயிலிருந்து நீர் கசியும். தலை குனிந்து மேயும் பிராணிக்கு அது தாடையில் சேரும்.

புழுவின் வாழ்க்கை பலருக்கும் தெரிந்ததுதான். முட்டை புழுக்கையோடு விழும். ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் இளம்புழு புல்லில் ஏறும். ஆடு அதை மேய்ந்த மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கும். ஒரு பெண் புழு தினம் 5,000 முட்டைக்கு மேல் இடும்.

வளர்ந்த ஆட்டில் இது இவ்வளவு எளிதாக நடக்காது. வயிற்றின் உள்சவ்வு எதிர்ப்பொருள்களைச் சுரந்து புழுவின் வளர்ச்சியையும் முட்டையிடுவதையும் அடக்கி வைக்கும். குட்டி போட இரண்டு வாரம் இருக்கும்போது இந்தக் கட்டு தளர்கிறது. ஈன்று ஆறு முதல் எட்டு வாரம் வரை அப்படியே இருக்கும். காரணம் புரதக் கணக்கு. செம்மறிப் பாலில் 5 சதவீதத்துக்கு மேல் புரதம். அரை லிட்டர் சுரந்தால் 25 கிராம் புரதம் மடி வழியாகப் போய்விடும். காய்ந்த புல்லை மேய்ந்து வரும் ஆட்டுக்கு அவ்வளவு எங்கே கிடைக்கும்? கிடைப்பதை உடல் முதலில் குட்டிக்கும் பாலுக்கும் ஒதுக்குகிறது. எதிர்ப்புச் சக்திக்கு மிச்சம்தான். எதிர்ப்பொருளும் புரதம்தானே.

இதை ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் சோதித்த விதம் அழகானது. ஹீமான்கஸின் உறவுக்காரப் புழு ஒன்றை இரட்டைக் குட்டி ஈன்ற ஆடுகளுக்குத் தொற்றவைத்தார்கள். சில ஆடுகளிடமிருந்து ஒரு குட்டியை மட்டும் விலக்கினார்கள். மருந்து இல்லை. பால் தேவை குறைந்தது, அவ்வளவே. சில நாட்களிலேயே புழுவுக்கு எதிரான சக்தி திரும்பத் தொடங்கிவிட்டது.

ஆனியில் சினைப்பட்ட ஆடு 150 நாள் கழித்துக் கார்த்திகையில் ஈனும். வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரைப் புல் நனைந்திருக்கும் நேரம். தாய் கொட்டும் முட்டையெல்லாம் பொரிந்து, புல் கடிக்கப் பழகும் குட்டியின் வாய்க்கே போகும். குட்டிக்கோ எதிர்ப்புச் சக்தி வர மாதங்கள் ஆகும்.

ஆகவே கடைசி ஆறு வாரச் சினையிலும் பால் காலத்திலும் தினம் 100 கிராம் கடலைப் புண்ணாக்கு கொடுங்கள். அதில் சுமார் 40 கிராம் புரதம் இருக்கிறது. கூடவே அகத்தி, வேலிமசால். பூசணம் பிடித்த புண்ணாக்கு மட்டும் வேண்டாம்; அதிலுள்ள நச்சு ஈரலைக் கெடுக்கும். மருந்தை ஈனும் தறுவாயில் தாய்க்குக் கொடுங்கள். ஃபென்பென்டசோல் என்றால் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 2.5 சதவீதக் கரைசலில் 25 கிலோ ஆட்டுக்கு 5 மில்லி. எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்து ஊற்றுவதுதான் மருந்துக்கு மசியாத புழு உருவாகக் குறுக்குவழி. சினையின் முதல் மாதத்தில் ஆல்பென்டசோல் கூடாது, கரு பழுதாகும். இமை சிவந்த, சினையில்லாத ஆடுகளுக்கு மருந்தே வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்தில் பிழைத்த புழுக்களின் வாரிசு மட்டுமே மேய்ச்சலில் மிஞ்சும்.

தடுப்பூசி இல்லையா? ஆஸ்திரேலியாவில் 2014 முதல் இருக்கிறது. அது ஆட்டின் இரத்தத்தில் புழுவின் குடலைத் தாக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கும்; புழு தானே அதைக் குடித்துக் கெடும். ஆனால் புழுவை ஆட்டு வயிற்றிலிருந்தே எடுத்துத் தயாரிக்க வேண்டியிருக்கிறது, பலமுறை போடவும் வேண்டும். 1932 முதல் ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. துள்ளுமாரிக்குத் தடுப்பூசி அங்கே தயாராகிறது. புழு ஆராய்ச்சிக்கும் அங்கே பணம் ஒதுக்குவதைத் தவிர்க்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

மருந்து வேலை செய்ததா என்பதைப் புழுக்கைதான் சொல்லும். ஊற்றும் நாளிலும் 14 நாள் கழித்தும் கால்நடை மருத்துவமனையில் முட்டை எண்ணச் சொல்லுங்கள். குறைவு 95 சதவீதத்தை எட்டாவிட்டால் மருந்தை மாற்ற வேண்டும். மாதிரியை ஆசனவாயிலிருந்து நேரே எடுங்கள். தரையில் கிடப்பதில் மண்புழுதியில் வாழும் வேறு நுண்புழுக்களும் கலந்திருக்கும். அன்றே கொடுத்துவிடுங்கள். வெயிலில் ஒரு நாள் பையில் கிடந்தால் முட்டை பொரிந்துவிடும், எண்ண ஒன்றும் மிஞ்சாது.