லைக் வருகிறது, கடைக்கு ஆள் ஏன் வருவதில்லை?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே இந்தப் புலம்பல் தொடங்கிவிடுகிறது. இந்த முறையும் அப்படித்தான். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு சின்னப் புடவைக்கடை. பேஸ்புக்கில் 15,000 ரூபாய்க்குப் பூஸ்ட் (காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டுவது) போட்டார்கள். படங்கள் அழகு, லைக் நூற்றுக்கணக்கில். ஆனால் பதிவில் போட்ட இலக்கம் மகனுடையது. அவர் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர். பெயர்ப்பலகையில் இருந்ததோ எப்போதோ கைவிட்ட சிம்மின் இலக்கம். கூகுள் மெப் காட்டியது, கடை மாறுவதற்கு முன்பிருந்த சந்தை. வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர்களுக்கு மறுநாள் இரவுதான் பதில் போனது. அதற்குள் அவர்கள் வேறு கடையில் துணி எடுத்துவிட்டார்கள். "ஒன்லைன் விளம்பரமெல்லாம் நம்ம ஊருக்குச் சரிவராது" என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார்.

தயவுசெய்து அந்த முடிவுக்கு வராதீர்கள். விளம்பரம் அதன் வேலையைச் செய்தது. விளம்பரத்தைப் பார்த்தவர் கடைக்கு வந்து சேரும் வழிதான் மூன்று இடத்தில் அறுந்து கிடந்தது.

முதலில் இந்த லைக் விவகாரம். எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி அதே கேள்விதான் வருகிறது: "ஐந்நூறு லைக் வந்திருக்கு, அப்புறம் ஏன் வியாபாரம் இல்லை?" பூஸ்ட் பொத்தானை அழுத்தும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று பேஸ்புக் கேட்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் நோக்கத்தை அதுவே தெரிவு செய்துவிடும். லைக்கும் கொமெண்டும் போதும் என்று தெரிவானால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்களையே அது தேடிப் பிடிக்கும். அவர்களுக்குச் சேலை வேண்டுமா, அவர்கள் ஹட்டனுக்கு வரக்கூடியவர்களா என்பது அதன் கவலை இல்லை. லைக் கேட்டீர்கள், லைக் கொடுத்தது. உங்களுக்கு வேண்டியது விலை கேட்கும் ஆள் என்றால், நோக்கத்தை 'மெசேஜ்' என்று வைத்து, அது உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்படி இணையுங்கள். அப்போது லைக் குறையும். பயப்படாதீர்கள், குறையட்டும். எண்ண வேண்டியது லைக்கை இல்லை. எத்தனை பேர் கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் கடைப்படி ஏறினார்கள், எத்தனை பில் போட்டீர்கள், இந்த மூன்றை மட்டும் எண்ணுங்கள்.

அடுத்தது இடம், அதாவது விளம்பரம் எந்த ஊர்க்காரர் கண்ணில் பட வேண்டும் என்பது. முழு இலங்கைக்கும் போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வரைபடத்தில் தங்கள் ஊரைச் சுற்றி வட்டம் போடத் தெரிந்தவர்களும் மலையை மறந்துவிடுகிறார்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு நேர்கோட்டில் 20 கிலோமீட்டர் சொச்சம்தான், பாதையில் போனால் 40க்கும் மேல். பேஸ்புக் போடும் வட்டத்துக்கு மலைமுகடும் தெரியாது, கொண்டை ஊசி வளைவும் தெரியாது. அதனால் 25 கிலோமீட்டருக்கு ஒரே பெரிய வட்டம் போடாதீர்கள். உங்கள் டவுனுக்கு எந்தப் பக்கத்து பஸ் நேரே வருகிறதோ அந்தப் பாதையை ஒட்டி இரண்டு மூன்று சின்ன வட்டங்களாகப் போடுங்கள். பஸ் வராத பக்கத்திலிருந்து ஆளும் வரமாட்டார்.

இங்கே நம் மக்களுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் கொழும்பில் வேலை செய்கிறார்கள். பதிவைப் பார்ப்பது அந்தப் பிள்ளை, காசு அனுப்புவதும் அந்தப் பிள்ளை. கடைக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்ப்பது லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கும் அம்மா. ஹட்டனுக்கு மட்டும் போட்ட விளம்பரம் அந்தப் பிள்ளையின் கண்ணில் படாது. ஆகவே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்புக்கென்று தனியாக ஒரு சின்ன விளம்பரம் வையுங்கள். "அங்கிருந்து தெரிவு செய்யுங்கள், அம்மா இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று தமிழில் தெளிவாக எழுதுங்கள். பணம் அனுப்பிய சிலிப்பின் படத்தை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். கணக்கில் காசு விழுந்ததா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அம்மாவுக்கு உங்கள் கடையைத் தெரியவைப்பது துண்டுப்பிரசுரம். ஒரு ஏ4 தாளை நாலாக வெட்டினால் போதிய அளவு, 250 தாளில் 1,000 பிரசுரம் வரும். அதில் கடைப்பெயர், அடையாளம் (பஸ் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம், எந்தக் கோயிலுக்கு எதிரே), ஒரே ஒரு இலக்கம், ஒரே ஒரு சலுகை, அது முடியும் திகதி. இவ்வளவுதான். பதினெட்டுப் பொருளின் பெயரைப் பொடி எழுத்தில் நிரப்பினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். தோட்டங்களில் சம்பளம் பெரும்பாலும் மாதம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் வரும். பிரசுரம் 7ஆம், 8ஆம் திகதிகளில் கையில் இருக்க வேண்டும், பூஸ்ட்டும் அதே நாளில் ஓட வேண்டும். 20ஆம் திகதி கொடுத்த பிரசுரம் அடுப்புக்குத்தான் போகும். பிரட்டுக்களத்திலும் (காலையில் வேலை பிரிக்கும் இடம்) கொழுந்து மடுவத்திலும் (பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம்) கொடுப்பதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேலை நேரத்தில் போய் நின்றால் திட்டு வாங்குவது கொழுந்தெடுக்கும் பெண்கள்தான். பாதையோரம் பெனர் கட்டுவதற்கு முன் நகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி கேளுங்கள். ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழைக்குக் காகித நோட்டீஸ் இரண்டு நாள்கூடத் தாங்காது. பெனரிலும் காற்றுப் போக நாலு ஓட்டை போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் காற்று கிழித்துவிடும்.

அச்சகத்தில் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று: பிரசுரத்தின் வாசகம் யூனிகோடில், அதாவது எந்த போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்தில். நம் அச்சகங்கள் பலவற்றில் இன்னமும் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போட்ட பழைய பாமினி எழுத்துருதான். பாமினியில் தட்டிய 'அம்மா' என்ற சொல்லை அப்படியே எடுத்து பேஸ்புக்கில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். அதனால்தான் பலர் பிரசுரத்தைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் ஒரு கோடு இருக்கிறவருக்கு அந்தப் படம் திறப்பதே இல்லை. விலையையும் இலக்கத்தையும் எழுத்தாகவும் போடுங்கள்.

இனி, பேஸ்புக்கையும் பிரசுரத்தையும் இணைக்கும் இடம். கடைக்கென்று ஒரு சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ் (கடைகளுக்கென்றே உள்ள வாட்ஸ்அப்), அந்த போன் கடையின் காசு மேசையில். பெயர்ப்பலகை, பிரசுரம், பில், பை, பேஸ்புக், கூகுள் எல்லாவற்றிலும் அதே இலக்கம், அதே எழுத்துக்கூட்டலில் அதே கடைப்பெயர். கியூஆர் போடுவதானால் வாட்ஸ்அப் பிசினஸ் தருவதையே போடுங்கள். இலவசம் என்று காட்டும் சில தளங்களில் செய்த கியூஆர் சில நாளில் காலாவதியாகிவிடும், அச்சடித்த ஆயிரம் பிரசுரமும் வீண். வாட்ஸ்அப் லிங்கைக் கையால் தட்டினால் இலக்கத்தின் முன்னால் உள்ள 0ஐ எடுத்துவிட்டு 94 போடுங்கள். பிரசுரத்தில் கியூஆர் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, சுற்றிலும் வெள்ளை இடம் வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் விலை குறைந்த பழைய போன் ஒன்றால் ஸ்கேன் பண்ணிப் பாருங்கள்.

வாட்ஸ்அப் புரோட்காஸ்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதியில், ஒரு பட்டியலில் 256 பேர் வரை அனுப்பலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். "நானூறு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் பார்க்கவில்லை" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பில் போடும்போதே "இந்த இலக்கத்தைக் கடைப்பெயரில் சேவ் பண்ணிக்கொள்ளுங்க அக்கா, புது டிசைன் வந்தால் அனுப்புகிறேன்" என்று கேளுங்கள். சம்மதிக்காதவரை விட்டுவிடுங்கள்.

எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரிய ஒரு கொப்பி போதும். கொட்டகலை பக்கத்துப் பிரசுரத்துக்குப் பச்சைத் தாள், டிக்கோயா பக்கத்துக்கு மஞ்சள். "சீட்டைக் கொண்டு வந்தால் 5 வீதம் கழிவு" என்று போடுங்கள். பேஸ்புக் பதிவில் "இந்தச் சொல்லைக் கடையில் சொல்லுங்கள்" என்று ஒரு சொல். கொப்பியில் மூன்று கட்டம் கீறி ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கடையில் நிற்கும் பையனுக்கும் அந்தச் சலுகை தெரிந்திருக்க வேண்டும். "எனக்குத் தெரியாது, முதலாளிகிட்ட கேளுங்க" என்று அவன் சொன்னால் நீங்கள் போட்ட பூஸ்ட்டும் பிரசுரமும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

கடைசியாகக் கெஞ்சிக் கேட்பது ஒன்று. அக்கா மகள் தன் போனில் உருவாக்கிக் கொடுத்த பேஸ்புக் பக்கத்தை அப்படியே விடாதீர்கள். அவள் வெளிநாடு போன பிறகு, பாஸ்வேர்டு தெரியாமல், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடி வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். பக்கத்துக்கும் கூகுள் கணக்குக்கும் இன்றைக்கே உங்கள் பெயரில் முழு உரிமை வாங்கி, மீட்பு இலக்கமாகக் கடை சிம்மைக் கொடுங்கள். பிறகு கூகுள் மெப்பைத் திறந்து, கடைவாசலில் நின்றபடி, ஊசி சரியான வாசலில் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.