கடலோர வீட்டு லேப்டாப்பில் யூ.எஸ்.பி. போர்ட் வேலை செய்யவில்லையா?

போன ஆனி மாசம், நல்ல மழை நாள். கடியபட்டணத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவி அம்மாவோடு நாகர்கோவிலில் என் சர்வீஸ் கடைக்கு வந்தாள். "மவுஸ் சொருகினா லைட்டே எரியல்ல அண்ணா. ஒரு கடையில மதர்போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்றாள். "அவ்வளவு காசுக்கு நாங்க எங்க போவோம் தம்பி, நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார் அம்மா.

டார்ச் அடித்து லென்ஸ் வழியே பார்த்தேன். போர்ட்டுக்குள் வரிசையாக இருக்கும் நாலு தகடுகளில் ஓரத்துத் தகட்டில் பச்சைக் களிம்பு. 5 வோல்ட் கரண்ட் வருவது அந்தத் தகட்டில்தான். நடுவில் இருக்கும் இரண்டும் டேட்டாவுக்கு, மறு ஓரம் கிரவுண்டு, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி.

முட்டம், குளச்சல், இனயம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் இருந்து வரும் லேப்டாப்களில் இந்தக் களிம்பை அடிக்கடி பார்க்கிறேன். கடலை விட்டுத் தள்ளி இருக்கும் குலசேகரம் பக்கத்து லேப்டாப்பில் தூசி இருக்கும், எறும்பு இருக்கும், இது அபூர்வம். காரணம் உப்பு. கடல்காற்றோடு வரும் உப்புத்தூள் போர்ட்டுக்குள் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். நமக்கோ தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. அந்த உப்புநீரில் கரண்டும் சேரும்போது உலோகம் வேகமாக அரிக்கும். லேப்டாப்பை அணைத்த பிறகும் போன் சார்ஜ் ஏற்றும் வசதி சில போர்ட்களில் இருக்கும். அதனால் அங்கே கரண்ட் எப்போதும் இருக்கும், அரிப்பும் நிற்காது. அது தேவையில்லை என்றால் செட்டிங்கில் நிறுத்தி வையுங்கள்.

ஆனால் போர்ட் வேலை செய்யவில்லை என்றதும் களிம்பைத் தேட வேண்டாம். முதலில் வேறொரு மவுஸைச் சொருகிப் பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கை வைத்துச் சோதிக்காதீர்கள். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. ஹார்ட் டிஸ்க் சுற்றவில்லை என்றால் அதற்குக் கரண்ட் போதாமலும் இருக்கலாம். மவுஸுக்குக் கொஞ்சம் போதும்.

மவுஸும் ஓடவில்லையா? விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது இதற்குச் சமம் இல்லை. சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால் ஷட்டவுனில் விண்டோஸ் தன் பழைய நிலையைச் சேமித்து வைத்து அதையே திரும்ப எடுக்கும், கோளாறும் கூடவே வரும். அதற்கும் சரியாகவில்லை என்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ரூட் ஹப் என்ற பெயரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் உதவும் சோதனை ஒன்று உண்டு. யூ.எஸ்.பி. கீபோர்டைச் சொருகி லேப்டாப்பை ஆன் செய்யும்போதே பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பு வரும் செட்டிங் திரைக்குள் போங்கள். அங்கே விண்டோஸ் கிடையாது. அந்தத் திரையில் கீபோர்ட் வேலை செய்தால் போர்ட் நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில். பயாஸிலும் அசையவில்லை, பயாஸில் யூ.எஸ்.பி.யை அணைத்தும் வைக்கவில்லை என்றால் மட்டும் போர்ட்டைச் சந்தேகப்படுங்கள்.

அப்போதும் மதர்போர்டு என்று முடிவுகட்ட வேண்டாம். பல லேப்டாப்களில் ஒரு பக்கத்து போர்ட்கள் தனிச் சின்ன சர்க்யூட் பலகையில் இருக்கும், ஒரு பட்டை கேபிள்தான் அதை மதர்போர்டோடு இணைக்கும். ஒரு பக்கம் மொத்தமாக நின்று, மறுபக்கம் ஓடினால் முதலில் அந்தக் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கழன்றிருந்தாலே போதும், எல்லாம் நின்றுவிடும்.

தயவுசெய்து ஊக்கு, சேஃப்டி பின், கம்மல் கம்பி எதையும் போர்ட்டுக்குள் விடாதீர்கள். 5 வோல்ட் தகடும் கிரவுண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். பாதுகாப்புச் சர்க்யூட் கரண்டைத் துண்டித்தால் தப்பித்தீர்கள், இல்லாவிட்டால் போர்ட்டோடு நிற்காமல் செலவு உள்ளே போகும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும், ஊத வேண்டாம். சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், அதுவும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை முழுதாக அணைத்து, முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய நைலான் பிரஷால் மெதுவாகத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்ய வேண்டும். போர்ட் சுட்டாலோ கருகிய வாடை வந்தாலோ எதையும் சொருகிப் பார்க்காமல் லேப்டாப்பை ஆஃப் செய்து கடைக்குக் கொண்டு வாருங்கள்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் ஒரு போர்ட் துடைத்ததுமே ஓடியது. இன்னொன்றில் தகடு அரித்தே போயிருந்தது, அந்தச் சாக்கெட்டை மட்டும் மாற்றிப் பற்றவைத்தேன். மதர்போர்டைத் தொடவில்லை. லேப்டாப்பைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைத்துத்தான் படிப்பாளாம். மேஜையை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பைக்குள் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.